94 சதவீதம் பேர் "வேண்டாம்" என்றது ஏன்? விமானிகள் ஒப்பந்தம் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்க விமானிகள் தங்கள் யூனியன் கொண்டுவந்த சம்பள ஒப்பந்தத்தையே ஓட்டுப் போட்டு நிராகரித்த கதையைப் போன இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சில.

கேள்வி (வாசகர், தஞ்சாவூர்): ஏற்கெனவே லட்சம் லட்சமாகச் சம்பளம் வாங்குகிறவர்கள், நிறுவனம் தானாகத் தரும் உயர்வையும் வேண்டாம் என்கிறார்கள். இது பேராசை இல்லையா?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூனில் அவர்கள் முன் வந்த ஒப்பந்த வரைவில் பதினெட்டு மாதத்துக்குள் 14 சதவீதத்துக்கு மேல் உயர்வு இருந்தது. நவம்பரில் எண்ணிப் பார்த்தால், ஓட்டுப் போட்டவர்களில் 94 சதவீதம் பேர் எதிர்த்திருந்தார்கள். பேராசைக்காரர்கள் ஒரு பத்துப் பதினைந்து சதவீதம் இருக்கலாம், நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேருமா?

விலைவாசி ஏறிக்கொண்டிருந்த வருஷம் அது, அதனால் அந்த 14 சதவீதமே போதவில்லை என்பது உண்மை. ஆனால் விமானிகள் கூடிப் பேசும்போது அதிகம் அடிபடுவது டியூட்டி அட்டவணை. ரிசர்வ் என்று ஒன்று உண்டு. அன்றைக்கு உங்களுக்கென்று குறிப்பிட்ட விமானம் கிடையாது, ஆனால் போன் வந்தால் சில மணி நேரத்தில் சீருடையோடு விமான நிலையத்தில் நிற்க வேண்டும். பலர் குடும்பத்தை ஒரு ஊரில் வைத்துவிட்டு வேறு ஊரில் இருக்கும் பேஸுக்கு, அதாவது தங்கள் டியூட்டி தொடங்கும் விமான நிலையத்துக்கு, விமானம் ஏறி வேலைக்கு வருகிறவர்கள், அப்படிப்பட்டவருக்கு ரிசர்வ் நாள் என்றால் வீட்டில் இருக்கவே முடியாது, நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொன்று, நாலு நாள் பயணத்தை முடித்து வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் "இன்னொரு விமானம் இருக்கிறது, அதையும் எடுங்கள்" என்று அட்டவணையை மாற்றுவது. எந்த அளவுக்கு மாற்றலாம், மாற்றினால் எவ்வளவு கூடுதலாகத் தர வேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

இது எவ்வளவு பெரிய குறை என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். அந்தக் காலகட்டத்தில் யுனைடெட்டில் கேப்டன் இடங்கள் காலியாகக் கிடந்தன. சம்பளம் கணிசமாகக் கூடும், தோளில் நாலாவது பட்டை வரும், இருந்தும் ஃபர்ஸ்ட் ஆபீசர்கள், அதாவது துணை விமானிகள், பலர் அதற்கு விண்ணப்பிக்கவில்லை. காரணம் சீனியாரிட்டி. இந்தத் தொழிலில் எந்த விமானம், எந்த ஊர், எந்த நாள் விடுமுறை எல்லாமே சீனியாரிட்டி எண்ணை வைத்துத்தான். துணை விமானியின் வலது பக்க இருக்கையில் ஓரளவு சீனியராக இருப்பவர் கேப்டனின் இடது பக்கம் மாறினால், கேப்டன்கள் வரிசையில் கடைசி ஆள் ஆகிவிடுவார், அப்புறம் மறுபடியும் ரிசர்வ், தீபாவளிக்குச் சமமான பண்டிகை நாளிலும் டியூட்டி. பதவி உயர்வையே வேண்டாம் என்கிற மனிதர்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று எப்படிச் சொல்வது?

பழைய காயமும் இருக்கிறது. 2001 செப்டம்பருக்குப் பிறகு நிறுவனங்கள் திவாலாகிக்கொண்டிருந்தபோது டெல்டா ஏர்லைன்ஸ் விமானிகள் 2004இல் 32.5 சதவீதம் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்கள். 2005இல் யுனைடெட்டின் ஓய்வூதியத் திட்டங்களே ரத்தாகி அரசின் காப்பீட்டு நிறுவனத்திடம் போயின, அங்கே உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் வர வேண்டிய பணம் பலருக்குப் போயே போய்விட்டது. அதை அனுபவித்தவர்கள் இன்றைக்கும் காக்பிட்டில் இருக்கிறார்கள். "இப்போதைக்கு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை பார்க்கலாம்" என்ற பேச்சு அவர்களிடம் எடுபடுமா?

கேள்வி (வாசகி, கோவை): பிடிக்கவில்லை என்றால் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியதுதானே? ஏன் மூன்று நாலு வருஷம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்?

செய்ய விடாத சட்டம் இருக்கிறது. ரயில்வே தொழிலாளர் சட்டம் என்று 1926இல் ரயில்வேக்குப் போட்டதை 1936இல் விமானத் துறைக்கும் நீட்டினார்கள். அதன்படி ஒப்பந்தம் காலாவதி ஆவதே இல்லை. திருத்தலாம் என்று ஒரு தேதி வரும், அவ்வளவுதான், புதியது வரும்வரை பழையதே ஓடும். பேச்சு முறிந்தால் தேசிய மத்தியஸ்த வாரியம் வரும், அதற்குக் காலக்கெடு கிடையாது. வாரியமே "இனி எங்களால் ஆகாது" என்று கைவிட்ட பிறகுகூட 30 நாள் பொறுக்க வேண்டும், அதற்கப்புறமும் ஜனாதிபதி ஒரு அவசரக் குழுவை அமைத்துத் தடுக்கலாம். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் நள்ளிரவில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், சில நிமிஷங்களிலேயே கிளின்டன் குறுக்கிட்டு நிறுத்திவிட்டார். 2010இல் ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் விமானிகள் ஐந்து நாள் செய்ததுபோல எப்போதாவதுதான் நடக்கும்.

ஆக இழுத்தடிப்பது யாருக்கு லாபம் என்று பாருங்கள். பழைய சம்பளத்திலேயே விமானம் பறந்துகொண்டிருக்கும், நிறுவனத்துக்கு என்ன அவசரம்? டெல்டாவின் ஒப்பந்தம் 2019 கடைசியிலேயே திருத்த வேண்டியது, புதியது வந்தது 2023 மார்ச்சில். நடுவில் கொரோனா வந்தது சரி, ஆனாலும் மூன்று வருஷம். 99 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்துக்குச் சம்மதம் என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அது நாளைக்கே வேலைநிறுத்தம் என்று அர்த்தமில்லை, பேச்சுவார்த்தை மேசையில் யூனியனுக்கு ஒரு பலம்.

கேள்வி (வாசகர், மதுரை): ஓய்வு பெறப் போகிறவருக்கும் நேற்று சேர்ந்தவருக்கும் ஒரே ஓட்டுத்தானா? அவர்கள் எப்படி ஒத்துப்போவார்கள்?

ஒரே ஓட்டுத்தான், ஒத்துப்போக மாட்டார்கள். விவாதத்தில் பாதி இதுதான். அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனங்களின் விமானி 65 வயதில் கட்டாயம் இறங்கியாக வேண்டும். 63 வயதுக்காரர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டு, அடுத்த வரைவு வர இரண்டு வருஷம் ஆனால், அந்தப் புதுச் சம்பளத்தில் அவர் ஒரு நாள்கூட வேலை பார்க்க மாட்டார். அவர் உச்சபட்ச சம்பளம் வாங்குகிறவர், ஒவ்வொரு மாதத் தாமதமும் அவருக்குப் பெரிய தொகை. சீனியராக இருப்பதால் ரிசர்வ் தொல்லையும் அவருக்குக் கிடையாது. முப்பது வயதுக்காரருக்கு இது அப்படியே தலைகீழ். இன்றைக்கு ஒத்துக்கொள்ளும் ஒவ்வொரு விதியோடும் அவர் முப்பத்தைந்து வருஷம் வாழ வேண்டும். பழைய வருஷங்களுக்கு ஒரே தவணையில் தரும் தொகையும் சீனியர்களுக்குத்தான் இனிக்கும். உயர்வு தராமல் இருந்த காலத்துச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டால், அதிகம் வாங்கியவருக்குத்தானே அதிகம் வரும்?

என் மனம் இளையவர்கள் பக்கம்தான். அதற்காக அந்த 63 வயதுக்காரரைச் சுயநலக்காரர் என்று திட்டுவதை ஏற்க மாட்டேன். ஓய்வூதியம் பறிபோன தலைமுறை அது, கடைசி இரண்டு வருஷச் சம்பளத்தை நம்பி இருப்பவரிடம் பொறுமை கேட்பது எளிது, கொடுப்பதுதான் கஷ்டம்.

கேள்வி (வாசகர், திருச்சி): இதனால் டிக்கெட் விலை ஏறுமா?

கொஞ்சம் ஏறலாம். எரிபொருளும் சம்பளமும்தான் விமான நிறுவனத்தின் பெரிய செலவுகள். ஆனால் தூக்கம் கெட்ட விமானியை உட்கார வைத்து மிச்சம் பிடிக்கும் டிக்கெட்டை நான் வாங்க விரும்ப மாட்டேன்.

கேள்வி (வாசகர், சென்னை): வேண்டாம் என்றால் எப்போதும் அதிகம் கிடைக்கும் என்று எழுதியது சரியா?

எப்போதும் என்று எழுதியிருந்தால் தப்பு. 2022, 2023 விமானிகளுக்கு நல்ல காலம். கொரோனாவில் ஏராளமானோர் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள், பயணிகளோ திரும்பி வந்துவிட்டார்கள், ஆள் போதவில்லை. டெல்டா 34 சதவீத உயர்வோடு கதவைத் திறந்தது, 78 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். போட்டி நிறுவனங்களான யுனைடெட், அமெரிக்கன் இரண்டையும்விடத் தங்கள் சம்பளம் 1 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் அதில் இருந்தது. அடுத்து யுனைடெட்டின் புது வரைவு 2023 ஜூலையில் வந்ததும், அமெரிக்கன் தன் வரைவில் 100 கோடி டாலருக்கு மேல் கூட்ட வேண்டியதாயிற்று. கடைசியில் செப்டம்பரில் யுனைடெட் விமானிகள் 82 சதவீத ஆதரவோடு ஏற்றுக்கொண்டார்கள், சம்பளம் 34.5 முதல் 40.2 சதவீதம் வரை கூடியது. முதல் வரைவை ஏற்றிருந்தால் இது கிடைத்திருக்காது.

இப்போது மறுபக்கம். அதே 2023 ஜூலையில் சரக்கு விமான நிறுவனமான ஃபெடெக்ஸின் விமானிகள் 57 சதவீதம் பேர் தங்கள் வரைவை நிராகரித்தார்கள். அதில் 30 சதவீத உயர்வு இருந்தது. ஆனால் கொரோனாக் காலத்தில் பெருகிய சரக்கு அதற்குள் குறைந்துவிட்டது. சில மாதத்தில், வேறொரு சின்ன நிறுவனத்தில் வேலை இருக்கிறது, விருப்பமுள்ளவர்கள் போகலாம் என்று நிறுவனமே தன் விமானிகளிடம் சொல்லும் நிலை. 2024 முடிந்தும் புது ஒப்பந்தம் வரவில்லை. பயணிகள் விமானத்தில் செல்லுபடியான "வேண்டாம்" சரக்கு விமானத்தில் செல்லுபடியாகவில்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு வருஷம்கூட இல்லை.

கேள்வி (வாசகி, சேலம்): என் அக்கா மகன் அங்கே ஒரு சின்ன விமான நிறுவனத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர். அவர்களுக்கும் வரைவு வரப்போகிறதாம். அவன் எதைப் பார்க்க வேண்டும்?

முதல் பக்கச் சுருக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு முழு வரைவையும் வாசிக்கச் சொல்லுங்கள். சம்பளப் பட்டியலைக் கடைசியில் பார்த்தால் போதும். ரிசர்வ், அட்டவணை மாற்றம், விடுமுறை நாளில் கூப்பிடுவது ஆகிய இடங்களில் "நிறுவனத்தின் தேவைக்கேற்ப" என்ற மாதிரி வார்த்தை இருக்கிறதா என்று தேடட்டும், இருந்தால் அதன் அளவு எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கட்டும். பேச்சுவார்த்தைக் குழு ஒவ்வொரு பேஸுக்கும் வந்து விளக்கக் கூட்டம் நடத்தும், அதற்குக் கட்டாயம் போக வேண்டும். அங்கே "என்ன கிடைத்தது" என்பதைக் குழுவே சொல்லிவிடும், "எதைக் கேட்டு நிறுவனம் மறுத்தது, ஏன் அதை விட்டுவிட்டீர்கள்" என்று அவன் கேட்க வேண்டும். அப்புறம், தன் நிறுவனத்தில் இந்த வருஷம் எத்தனை பேர் வேலையை விட்டுப் பெரிய நிறுவனங்களுக்குப் போனார்கள் என்று பார்க்கட்டும். நிறையப் பேர் போகிறார்கள் என்றால் நிறுவனத்துக்கு ஆள் தேவை, காத்திருக்கலாம். யாருமே போகவில்லை என்றால், வேண்டாம் என்று போடும் முன் இன்னொரு தடவை யோசிக்கச் சொல்லுங்கள்.