நிறுத்தப்பட்ட கல்லூரி விளையாட்டுக் குழு மீண்டும் எழுமா?

உங்கள் தொடக்கக் கல்லூரியில் ஆள் குறைந்து நிறுத்தப்பட்ட திடல்தடக் குழுவை மீட்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் என்றே நம்புகிறேன், அதற்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்துக் குழு நல்ல சான்று. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு வழங்கப்படும், பின்னாளில் ஹைஸ்மன் என்று பெயர்பெற்ற விருதை 1935இல் முதன்முதலாக வென்ற ஜே பெர்வாங்கர் ஆடிய அந்தக் குழு, 1939இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திடம் 85-0 என்று தோற்ற அதே ஆண்டின் இறுதியில், படிப்பையே முதன்மையாகக் கருதிய பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் காலத்தில் கலைக்கப்பட்டது. வெறிச்சோடிய அதன் திடலில், பார்வையாளர் மாடத்துக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2ஆம் தேதி மனிதன் உண்டாக்கிய முதல் அணுத் தொடர்வினை நிகழ்ந்தது. அந்தக் குழு அறுபதுகளில் மாணவர் மன்ற ஆட்டமாகச் சிறிதாகத் தொடங்கி, 1969இல் அதிகாரபூர்வக் குழுவாக மீண்டது. விளையாட்டு உதவித்தொகை இல்லாமலேயே இன்றும் ஆடுகிறது. நீங்களும் மாலையில் ஓடுதளத்துக்குத் தவறாமல் வரும் சிலரை முதலில் சேருங்கள். பொறுப்பாசிரியர் ஒருவர் முன்வந்ததும் இணைப்பாட நடவடிக்கையாக்கக் கோருங்கள்.