மார்பகத் திசுவும் மரபணுவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நோயில்லாத மார்பகத் திசுவைச் சோதித்து, பின்னாளில் புற்றுநோய் வருமா என்று சொல்ல முடியுமா? (பாலக்கோடு)

இப்போதைக்கு முடியாது. கட்டிக்குப் பக்கத்தில், நுண்ணோக்கியில் எந்தக் குறையும் தெரியாத திசுவில்கூட, புற்றுநோயைத் தடுக்கும் ஆர்.ஏ.எஸ்.எஸ்.எஃப்.1ஏ போன்ற காவல் மரபணுக்களில் மெத்தில் என்னும் வேதிக்குறி படிந்து அவை முடங்கிக் கிடப்பதைக் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம், நலமாயிருக்கும் பெண்கள் தானமாகத் தரும் திசுவைச் சேமித்து இதை ஆராய்கிறது. ஆராய்ச்சியில் இருப்பதைச் சோதனைப் பட்டியலில் சேர்த்து யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

சதைப் பரிசோதனையில் 'ஏட்டிப்பிக்கல் ஹைப்பர்பிளேசியா' என்று வந்திருக்கிறது. புற்றுநோயா? (ஊத்தங்கரை)

புற்றுநோய் அன்று; செல்கள் இயல்பு மாறி மிகையாகப் பெருகியிருக்கின்றன என்று பொருள். ஆனால் பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 4 மடங்கு. அறிக்கையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாமல், ஆண்டுதோறும் மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுங்கள்.

அம்மாவுக்கு 42 வயதில் மார்பகப் புற்றுநோய். எனக்கு பி.ஆர்.சி.ஏ. மாற்றம் (மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பரம்பரை மரபணு மாற்றம்) இல்லை என்று வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா? (அரூர்)

அம்மாவுக்குச் சோதனை செய்தீர்களா? அதை எழுதவே இல்லை. எழுதுகிறவர்களில் பாதிப் பேர் எழுதுவதில்லை. அம்மாவிடம் மாற்றம் இருந்து, அது உங்களிடம் இல்லாவிட்டால், உங்கள் அபாயம் ஏறக்குறைய மற்றப் பெண்களின் அளவுதான். அம்மாவைச் சோதிக்கவே இல்லையென்றால், அவருடைய நோய்க்கு வேறொரு மரபணு காரணமாக இருக்கலாம் என்பதால், உங்கள் 'இல்லை' பாதிப் பதில்தான். சென்ற மாதம் ஒரு மகள் பல ஆயிரம் ரூபாய் செலவழித்து வாங்கிய அறிக்கையோடு வந்தார். நோய் கண்ட தாயோ, சிகிச்சைக் காகிதங்கள் அத்தனையும் திணித்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஊதா மூடிக் குழாயில் அவரிடம் 5 மில்லி இரத்தம் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நோய் வந்தவருக்கு முதலில் சோதனை, பிறகுதான் மற்றவர்களுக்கு. இதை எத்தனை முறை எழுதுவது?

அத்தைமார் இருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது; அப்பா வழி கணக்கில் சேராதல்லவா? (தேன்கனிக்கோட்டை)

சேரும். மாற்றம் உங்கள் தந்தையிடம் இருந்தால், அது உங்களுக்கு வர சரிபாதி வாய்ப்புண்டு. அக்காள் மகளை மணக்கும் நம் பக்கத்துக் குடும்பங்களில் இரு வழியும் ஒன்றாகிவிடுவதால், மூன்று தலைமுறையை வரைந்து எடுத்துவாருங்கள்.

மரபணுச் சோதனைக்கு எச்சில் போதுமா, மார்பகத்தில் ஊசி போட வேண்டுமா? (பென்னாகரம்)

எச்சில் போதும். பரம்பரை மாற்றம் உடலின் எல்லாச் செல்களிலும் இருக்கும்.

'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்று அறிக்கை சொல்கிறது. மார்பகத்தை அகற்றிவிடலாமா? (காவேரிப்பட்டினம்)

கெடுதல் செய்யுமா செய்யாதா என்று இன்னும் தெரியாத மரபணு மாற்றம் அது. அதை மட்டும் வைத்து அகற்றக் கூடாது. அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் மங்கலாகப் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் வயதையும் எல்லாப் பக்கங்களையும் அனுப்புங்கள்.