ஈயச் சொம்பு வெள்ளீயமா, காரீயமா? தராசில் கண்டுபிடிக்கலாம்

கேள்வி: ரசம் வைக்க ஈயச் சொம்பு வாங்கியிருக்கிறேன். ஈயம் விஷம், அதில் சமைக்காதே என்கிறார்கள் வீட்டில். பையனின் வேதியியல் புத்தகத்தில் பார்த்தால் வெள்ளீயமும் காரீயமும் ஒரே தொகுதியில்தான் இருக்கின்றன. சொம்பைப் பயன்படுத்தலாமா? நான் வாங்கியது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ரசச் சொம்பு வெள்ளீயத்தில்தான் செய்யப்பட வேண்டும். அப்படிச் செய்ததென்றால் தாராளமாக ரசம் வைக்கலாம். விஷம் காரீயம். அது உடம்பில் கால்சியத்தின் இடத்தில் நுழைந்துகொள்ளும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பல மடங்கு என்பதால் கலப்படம் செய்யும் ஆசையும் சந்தையில் இருக்கிறது. ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானது.

ஒரே தொகுதி என்பது உண்மைதான். 14-ஆம் தொகுதியில் கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம், அடுத்து வெள்ளீயம் (அணு எண் 50), அதற்கும் கீழே காரீயம் (82). வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் என்பதுதான் இவற்றின் உறவு. அந்த உறவை வைத்து நச்சுத்தன்மையை முடிவு செய்ய முடியாது. கார்பனும் அதே குடும்பம்தானே. மேலிருந்து கீழே வரவர அலோகம் உலோகமாக மாறும் தொகுதி இது. வெள்ளீயம் அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது. நாம் பார்க்கும் வெண்ணிற உலோகம், 13.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நெடுநாள் கிடந்தால், வைரத்தின் படிக அமைப்புள்ள சாம்பல் நிறப் பொடியாக மாறக்கூடும். நம் ஊர்ச் சமையலறையில் அந்தக் கவலை வேண்டாம்.

உங்களுக்கு உதவப்போவது அடர்த்தி. வெள்ளீயம் கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம், காரீயம் 11.3. ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் சமையல் தராசு போதும்.

முதலில் காய்ந்த சொம்பை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சொம்பு முழுதும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். சொம்பின் கழுத்தில் நூல் கட்டி, சாய்த்தபடியே தண்ணீருக்குள் இறக்குங்கள். உள்ளே காற்றுக்குமிழி தங்கக் கூடாது. தங்கினால் கணக்கு தப்பும். அடியிலோ பக்கத்திலோ இடிக்காமல் கையில் தூக்கிப் பிடித்திருக்கும்போது தராசு காட்டும் கிராம்தான் சொம்பின் கன அளவு. முதல் எடையை இதால் வகுங்கள். 400 கிராம் சொம்பு 55 காட்டினால் 7.3, நல்ல வெள்ளீயம். 47 என்றால் 8.5, பாதிக்குச் சற்றுக் குறைவாகக் காரீயம் கலந்த உலோகம் இப்படித்தான் காட்டும். 35 என்றால் முழுக்கக் காரீயம். மூன்று முறை செய்து பாருங்கள். 7.6-ஐத் தாண்டினால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. 5 சதவீதக் காரீயம் கலந்தால் அடர்த்தி 7.4-தான், வீட்டுத் தராசின் பிழைக்குள் அது ஒளிந்துகொள்ளும். குழந்தைகள் சாப்பிடும் வீடு என்றால், எக்ஸ்ரே கருவியில் உலோகம் சோதிக்கும் இடத்தில் காரீயத்தின் அளவைக் கேட்டு வாங்குவதே சரி. நகைக்கடைப் பக்கம் தங்கம் சோதிக்கும் எல்லாக் கருவிகளும் காரீயத்தைக் காட்டாது, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காகிதத்தில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழுகிறதா என்று பார்ப்பதையும், தட்டி ஓசை கேட்பதையும் நம்பாதீர்கள். கலப்பு உலோகத்தில் இரண்டும் ஏமாற்றும்.

சொம்பு தேறிவிட்டால் அடுத்த ஆபத்து அடுப்பு. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். உள்ளே ரசம் இருக்கும் வரை உலோகம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆகவே புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். சிறு பர்னரில், தீ அடியைத் தாண்டி மேலே ஏறாமல் வையுங்கள். ரசமட்டத்துக்கு மேலே பக்கச்சுவரில் தீ பட்டால் அந்த இடம் மட்டும் குழைந்து தொய்யும். பெரும்பாலான சொம்புகள் கெடுவது இப்படித்தான். தாளிப்பை இரும்புக் கரண்டியில் செய்து மேலே கொட்டுங்கள். வெறும் எண்ணெய் சீக்கிரமே 232-ஐ எட்டிவிடும். நுரைகட்டியதும் இறக்கி, வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். புளிப்பில் ஊறினால் வெள்ளீயமும் மெல்லக் கரையும். அது அதிகமானால் வயிற்றைப் புரட்டும்.

வெள்ளீயம் அமிலம், காரம் இரண்டோடும் வினைபுரியும். எனவே சலவை சோடா, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பொடி இரண்டும் வேண்டாம். மென்மையான சோப்பும் தேங்காய் நாரும் போதும். கம்பி நார் பட்டால் கீறல் விழும்.

சொம்பில் ஓட்டை விழுந்தால், ரேடியோ, டிவி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அடைக்காதீர்கள். அவர் கையில் இருக்கும் சால்டர் கம்பி பெரும்பாலும் 60 சதவீதம் வெள்ளீயம், 40 சதவீதம் காரீயம். பாத்திரப் பட்டறையில் கொடுத்து, சுத்த வெள்ளீயத்தால் மட்டும் ஒட்டச் சொல்லுங்கள்.