சார்மத் அம்மோனைட்டில் பூத்த வெள்ளைப் பொடி

வணக்கம். இங்கிலாந்தின் சார்மத் கடற்கரையில் பொறுக்கி, கழுவி வைத்த பொன்னிற அம்மோனைட்டின், அதாவது அழிந்துபோன சுருளோட்டுக் கடலுயிரி ஒன்றின் புதைபடிவத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்து, அடியிலிருந்த பெயர்ச்சீட்டும் அரித்துப்போனதாக எழுதியிருந்தீர்கள். அது பூஞ்சை அன்று. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் புதைந்த அந்தச் சுருளோட்டில் படிந்த பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், காற்றிலுள்ள ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து இரும்பு சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறுகிறது. சீட்டை அரித்தது அந்த அமிலம்தான். தயவுசெய்து இனி நீரில் கழுவாதீர்கள். உலர்ந்த மென்தூரிகையால் பொடியை நீக்கி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையுடன் காற்றுப்புகாத பெட்டியில் தனியாக வையுங்கள். வார்னிஷ் பூசச் சொல்வார்கள். ஈரம் அதனூடாகவும் மெல்லப் புகும் என்பதால் நான் அதை நம்புவதில்லை. இந்த வினையால் விரிசல் விழுந்து, அது சுருளின் நடுவரை போயிருந்தால், உடைவதற்குள் இன்றே எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.