மகளின் பிபிஏ: சென்னையா, பாளையங்கோட்டையா?

அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் செய்யும் நீங்கள், கடன் வாங்கி மகளைச் சென்னையில் பிபிஏ சேர்க்கலாமா, பாளையங்கோட்டை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையே போதும். கடனை எம்பிஏ படிக்கும்போது வாங்கிக்கொள்ளலாம். எம்பிஏ சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வுக்கு பிபிஏ-தான் வேண்டும் என்பதில்லை, எந்த இளநிலைப் பட்டமும் செல்லும். 2024-25 முதல் பிபிஏ, ஏஐசிடிஇ என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலின் கீழ் வந்துவிட்டது. சேரும் முன் கல்லூரிக்கு அந்த ஒப்புதல் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

தலைமைப் பண்பை வகுப்பு மட்டும் தந்துவிடாது. உளுந்து விலை ஏறினால் அப்பள விலையை ஏற்றுவதா, லாபத்தைக் குறைத்துக்கொள்வதா? அடைமழையில் அப்பளம் காயாத வாரம் பெண்களின் கூலிக்கு என்ன வழி? கடைக்காரருக்கு எத்தனை நாள் தவணை? இந்த முடிவுகளை மகளிடம் விடுங்கள். பாளையங்கோட்டையில் படித்து மாலையில் வீடு திரும்புகிற பிள்ளைக்குத்தான் அது கைகூடும்.