மு, ஓர் அடி, ஹி, ஒரு வாள்

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கும் என் மகன் அருண், ஆன்லைன் கேமில் தன் பெயரை ஜப்பானிய எழுத்தில் வைத்திருக்கிறான். ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு ஆப் நொடியில் மாற்றிக் கொடுக்கிறதாம். ஜப்பான்காரர்கள் பார்த்தால் 'அருண்' என்று படிப்பார்களா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: மாட்டார்கள். அந்த ஆப் பெயரை மொழிபெயர்க்கவும் இல்லை, ஒலிபெயர்க்கவும் இல்லை. ஆங்கில எழுத்தின் ஜாடை உள்ள ஜப்பானிய எழுத்துகளாகப் பொறுக்கி அடுக்குகிறது, அவ்வளவுதான். நம் எழுத்தில் இதையே செய்துபாருங்கள். நம் 'ட' பார்வைக்கு ஆங்கில எல். 'ப' கிட்டத்தட்ட யு. லுலு என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் இந்த இரண்டையும் வைத்துத் தன் பெயரை ஆசையாக எழுதிக்கொண்டால் நாம் எப்படிப் படிப்போம்? டபடப!

உங்கள் மகன் பெயருக்கு வருவோம். இந்த ஆப்கள் வழக்கமாக ஏ-க்குப் போடுவது 'மு' என்ற எழுத்து. ஆர்-க்கு 'ஷாகு', அது பழைய நீட்டலளவை, ஏறக்குறைய நம் ஓர் அடி. யு-வுக்கு 'ஹி'. என்-னுக்கு 'கத்தானா', அதாவது வாள். வாள் கிடைத்ததில் பையனுக்குச் சந்தோஷமாக இருக்கலாம்.

அந்த 'மு' கொஞ்சம் ஒல்லியாக இருக்கிறதா? அந்த ஒல்லி எழுத்துகளும் அலங்காரத்துக்காகப் பிறந்தவை அல்ல. ஆயிரக்கணக்கான சீன வடிவ எழுத்துகளைக் கணினிக்குள் அடைக்க வழியில்லாத காலத்தில், ஒலியெழுத்துகளை மட்டும் எழுத்துக்கு ஒரு பைட் என்று அடக்கினார்கள். 1969-இல் அதற்கு ஜப்பானியத் தரக்குறியீடே வந்தது. இன்றும் அங்கே வங்கியில் பணம் அனுப்பினால் பெயர் பெரும்பாலும் இந்த ஒல்லி எழுத்தில்தான் பதிவாகும். இங்கே கெத்து, அங்கே பாஸ்புக்.

கேமுக்குள் இருக்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லை. இன்ஸ்டாகிராமிலும் இதே பெயரை வைத்தால்தான் வம்பு. இது ஃபான்ட் மாற்றம் இல்லை, எழுத்தே வேறு. பழைய வகுப்புத் தோழன் ஆங்கிலத்தில் அருண் என்று தேடினால் இவன் அகப்படுவது சந்தேகம். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் 'மு ஷாகு' என்று உளறும், அல்லது பேசாமல் தாண்டிப் போகும்.

நிஜமாகவே ஜப்பானிய எழுத்தில் வேண்டுமென்றால் மூன்று எழுத்து போதும்: அ, ரு, ன். வெளிநாட்டுப் பெயர்களை எழுத 'கதகானா' என்ற எழுத்துமுறை அங்கே இருக்கிறது. ண் கிடைக்காது. ரு-வுக்கும் லு-வுக்கும் ஒரே எழுத்து என்பதால் யாராவது 'அலுன்' என்றும் கூப்பிடலாம். ஆனாலும் அது அவன் பெயர்தான். 'இதுல ஸ்டைலே இல்லையேம்மா' என்பான், பாருங்கள்.

ஆமாம், பெயருக்கு இரண்டு பக்கமும் சிறகு மாதிரி ஒன்று ஒட்டியிருப்பானே? அது ஜப்பானே இல்லை, ஜாவா தீவின் எழுத்துமுறையைச் சேர்ந்தது.