கேலரியில் தொழில்நுட்ப ரெசிடென்சி: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கே: கலைஞர் கொஞ்ச காலம் கேலரியிலேயே இருந்து தொழில்நுட்பத்தை வைத்துப் படைப்பு செய்வதுதானே ரெசிடென்சி? அடுத்த மாதம் அப்படி ஒரு கேலரியில் சேர்கிறேன். முதல் வாரம் என்ன செய்யலாம்?

ப: எலக்ட்ரீஷியனைப் பிடியுங்கள். கண்காட்சியைத் திட்டமிடும் க்யூரேட்டர் எங்கும் போய்விட மாட்டார். ஏசியும் ப்ரொஜெக்டரும் ஒரே லைனில் ஓடுகின்றனவா, இரவில் மெயினை அணைத்துவிடுவார்களா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அணைப்பார்கள் என்றால், காலையில் மின்சாரம் வந்ததும் கணினி தானாக எழுந்து படைப்பை ஓட்ட வேண்டும். கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் அதற்கு வழி உண்டு. செய்யாமல் விட்டால் தினமும் கேலரி திறக்கும் நேரத்துக்கு உங்களுக்குப் போன் வரும். நீங்கள் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள்.

கே: எந்த லேப்டாப் வாங்கலாம்?

ப: கேலரியில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கே: எனக்குக் கோடிங் வராது. விண்ணப்பிக்கலாமா?

ப: தாராளமாக. 1966 அக்டோபரில் நியூயார்க்கில் ‘9 மாலைகள்’ என்ற கலை நிகழ்ச்சித் தொடர் நடந்தபோது 10 கலைஞர்களுக்குத் துணை நின்றவர்கள் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தின் சுமார் 30 பொறியாளர்கள். அந்தக் கலைஞர்களில் ஒருவரான ராபர்ட் ராஷன்பர்க் மேடையில் டென்னிஸ் ஆடவைத்தார். மட்டையில் பந்து பட்டால் ‘டங்’ என்று பெருஞ்சத்தம், கூடவே ஒரு விளக்கு அணையும். அரங்கம் முழுக்க இருண்டதும் ஆட்டம் முடிந்தது. மட்டைக்குள் கருவி வைத்தது பொறியாளர் வேலை. உங்களுக்கு அப்படி யார் என்று கேளுங்கள். ‘எங்க ஐடி பையன் உதவுவான்’ என்றால் உஷார்! வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்குங்கள்.

கே: ஏஐ படங்கள் கலையா?

ப: வேறு நாள், வேறு ஆள்.

கே: சிறு கேலரி வைத்திருக்கிறோம். ரெசிடென்சிக்கான பட்ஜெட்டில் எதை மறக்கக் கூடாது?

ப: பராமரிப்பை. வீடியோ கலைஞர் ‘நாம் ஜூன் பைக்’ 1988-இல் தென்கொரியாவின் குவாச்சனில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் 1003 பிக்சர் டியூப் டிவிகளைக் கோபுரமாக அடுக்கினார். டிவிகள் பழுதாகிக்கொண்டே வந்து, 2018-இல் மொத்தமாக நிறுத்தினார்கள். 2022-இல்தான் மறுபடி ஓடியது. அது தேசிய அருங்காட்சியகம், தாங்கும். நீங்கள்?

கே: எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எல்இடி மாட்டியிருந்தால் ஒரே வாரத்தில் முடிந்திருக்குமே?

ப: டியூப் டிவியின் புடைத்த கண்ணாடியும் ஒளியும் அந்தப் படைப்பின் உடம்பு. அதனால்தான் முடிந்தவரை பழையதையே பழுதுபார்த்தார்கள்; தேறாதவற்றுக்கு மட்டும் தட்டைத் திரை.

கே: அப்படியானால் தட்டைத் திரை வைத்த பகுதி போலிதானே? பாதி மாற்றுவதற்குப் பதில் அணைத்தே வைத்திருக்கலாம்.

ப: அணைந்த டிவிக் கோபுரம் பழைய சாமான் கடை. ஓடுவதற்காகச் செய்ததை ஓடவிடுவதுதான் மரியாதை என்பது என் கட்சி. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எந்தப் பாகத்தை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று கலைஞரே சொல்லிவிட்டால் இந்தச் சண்டையே வராது. புதிதாகச் சேர்பவர்கள் அதை ஒரு பக்கத்தில் எழுதி, கணினி கோட், பாஸ்வேர்டோடு கேலரியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கே: கோட் யாருக்குச் சொந்தம்?

ப: ஒப்பந்தத்தில் இருப்பதுதான் பதில். இல்லையென்றால்... எழுதி வாங்குங்கள்!

கே: மேக்கா, விண்டோஸா?

ப: லேப்டாப் கேள்விக்கு மேலேயே பதில் இருக்கிறது.

கே: கடைசியில் கண்காட்சி வைத்தே ஆக வேண்டுமா?

ப: வேண்டாம். 1966-இல் லண்டனில் பார்பரா ஸ்டெவினியும் ஜான் லேதமும் தொடங்கிய ஆர்ட்டிஸ்ட் பிளேஸ்மென்ட் குரூப், கலைஞர்களை நிறுவனங்களுக்குள் அனுப்பியபோதே ‘இதைச் செய்து தா’ என்று கட்டுப்படுத்தவில்லை. நிதி தருபவர் கேட்டால் ஒரு மாலை கதவைத் திறந்து, பாதி வேலையையே காட்டுங்கள்.